அடுப்புக் கையுறையில் விழுந்த பந்து

என் வயதுக்காரிகளே,

போன புதன்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் உங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றி மாறிமாறிச் சொன்னீர்கள். என் முறை வந்தபோது நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். கோபிக்க வேண்டாம். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. கோப்பை கழுவும்போது உங்களில் ஒருத்தி என் உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்ததைக் கண்டு, "என்னக்கா, அடுப்பில சுட்டுப்போட்டியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அது பொய். உண்மை கொஞ்சம் நீளம். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

எனக்குப் பிள்ளைப் பருவம் பிந்தித்தான் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் மறித்த அன்றைக்கே தம்பி தங்கச்சிமாரை என் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் வளர்ந்து இறங்க அம்மா படுக்கையில் விழுந்தார். அம்மா கண்ணை மூட, கடைசித் தங்கச்சி என்னை ஜேர்மனிக்குக் கூப்பிட்டாள். ஹனோவரில் அவர்கள் இருந்த மாடிவீட்டுப் பின்முற்றத்தில், ஐம்பது தாண்டிய பிறகு, நான் முதன்முதலாக விளையாடினேன். அந்த ஒரு கோடையைத்தான் என் பிள்ளைப் பருவம் என்று சொல்லலாம். புல்லெல்லாம் காய்ந்து பொன்னாகி, ஆறு வற்றி, வெள்ளைக்காரர் விசிறிக்கு அலைந்தார்களே, இரண்டாயிரம் பிறந்து சில வருடத்தில் வந்த அந்த வெக்கைக் கோடைதான்.

என் பெறாமகனை உங்களுக்குத் தெரியும். தங்கச்சியின் மகனை நாங்கள் அப்படித்தானே சொல்வோம். கலியாணம் கட்டாத எனக்கு அந்தச் சொல் இனிக்கும். பேஸ்போல் என்கிற ஆட்டத்தில் அவன் பந்து எறிகிறவன். ஒருவன் எறிய, எதிரே நிற்பவன் தடியால் அடிக்க வேண்டும். எறிகிறவனை மைதானத்தின் நடுவில் குவித்த ஒரு மண்மேட்டில் தனியே ஏற்றி நிறுத்துவார்கள். எல்லோருடைய கண்ணும் அவன்மேல்தான். என்னை அதில் ஏற்றினால் அன்றைக்கே செத்துவிடுவேன்.

அவன் அந்த மேட்டில் நின்றுதான் பெயர் எடுத்தான். முதலில் அமெரிக்காவில் பெயர் தெரியாத சின்னப் பட்டணங்களில், பஸ்ஸில் படுத்தெழும்பிப் போய் எறிந்தான். பிறகு வெளிச்சக் கோபுரம் வைத்த பெரிய மைதானங்களுக்குப் போனான். நடுவில் முழங்கையை வெட்டித் தைத்தார்கள். ஒரு வருடம் கரண்டியைக்கூட மற்றக் கையால்தான் பிடித்தான். அதோடு சரி என்று எல்லாரும் எழுதினார்கள். எழும்பி வந்து முந்தியைவிட நன்றாக எறிந்தான். அவன் சட்டையின் முதுகில் எழுதியிருந்த தகப்பனுடைய நீளப் பெயரைக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து, நாக்கு இடற இடறக் கத்தும். இந்த வருடம் போதும் என்று நிறுத்திவிட்டான்.

பேப்பர்களில் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு குறையும் எழுதியிருக்கிறார்கள்: இவ்வளவு பெரிய எறிகாரன், தடியைக் கையில் கொடுத்தால் மட்டும் விளக்குமாறு பிடித்தவன் மாதிரி நிற்பானாம், ஒரு பந்தையும் தொடமாட்டானாம். வாசித்துக் காட்டிய தங்கச்சிக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தகப்பனுக்கு ஓர் உணவகத்துக் குசினியில் வேலை. பகலில் வீட்டில் நானும் பிள்ளையும்தான். அவன் எறியாத சாமான் இல்லை. காலுறையை உருட்டி அழுக்குக் கூடைக்குள் எறிவான். நான் உரிக்க வைத்திருக்கும் உருளைக்கிழங்கைக் கதவடியில் நின்று சட்டிக்குள் எறிவான். "இவன்ர கை ஒரு இடத்தில இராது, குரங்கு" என்று தங்கச்சி ஏசுவாள். ஆனால் கிழங்கு ஒருநாளும் வெளியே விழவில்லை. அதை நாங்கள் ஒருத்தரும் ஒரு கெட்டித்தனமாக எடுக்கவில்லை.

பின்முற்றத்தில் தரைவிரிப்பைத் தொங்கவிட்டுத் தட்டுகிற ஒரு இரும்புச் சட்டம் நின்றது. பழைய மாடிவீடுகளில் கண்டிருப்பீர்கள். இப்போது அதை எடுத்துவிட்டு சைக்கிள் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் குறுக்குக் கம்பிக்கு அவன் ரெனிஸ் பந்தால் எறிவான். டிங் என்று கேட்கும். பிழைத்தால் சத்தம் வராது. நான் மேலே அரிசி களைந்துகொண்டிருந்தால் டிங், டிங், டிங் என்று வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கீழ்வீட்டு ஜேர்மன் மனுசி யன்னலைத் திறந்து, தன் மதிய நித்திரை போய்விட்டது என்று கத்தினாள். கத்தியது விளங்கவில்லை, நித்திரை என்பது மட்டும் அவள் கன்னத்தில் கையை வைத்துக் காட்டியதில் விளங்கியது.

சத்தம் வராமல் என்ன செய்யலாம்? நான் அடுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். சூடான தட்டை எடுக்கிற அந்தத் தடித்த பஞ்சுக் கையுறை. நீலம், ஒரு பக்கம் கருகியது, கறி மணம். அதை விரித்துக்கொண்டு சட்டத்துக்கு முன்னால் குந்தினேன்.

"பெரியம்மா, கண்ணை மூடாதேங்கோ!"

"நீ மெல்ல எறி, மோனே."

"மெல்ல எறிஞ்சா கோணலாப் போகும். நீங்கள் கையை அசைக்காமல் வைச்சிருங்கோ, நான் அதுக்குள்ள போடுறன்."

போட்டான். கையுறைக்குள் பொத் என்று ஒரு சத்தம். உள்ளங்கை எரிந்தது. எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. பத்து வயதில் வந்திருக்க வேண்டிய சிரிப்பு அது. அன்றிலிருந்து பின்னேரங்களில் அதுதான் எங்கள் வேலை. கைமாறாக அவன் எனக்கு ஜேர்மன் சொல்லித் தந்தான். ஒரு பந்து, ஒரு சொல். பாண், பால், மழை, மன்னியுங்கள் எல்லாம் அப்படிப் படித்தவைதான்.

அவனுடைய பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் விளையாடிக் காட்ட ஒரு ஆள் வந்தாராம். இவன் எறிந்ததைக் கண்டு கூப்பிட்டு, இன்னொரு தரம் எறி, இன்னொரு தரம் எறி என்று மற்றப் பிள்ளைகளை மறந்துவிட்டாராம். எங்களுக்கு இதொன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது பிறகு வந்த திங்கட்கிழமைதான்.

திங்களில் உணவகம் பூட்டு. தகப்பன் வீட்டில் நின்றார். மணி அடிக்க அவர்தான் கதவைத் திறந்தார். மாடிப்படியில் வெளிச்சம் குறைவு. தோளில் பேஸ்போல் தடியைச் சாய்த்துக்கொண்டு ஒரு உருவம் நின்றது. தகப்பன் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். சப்பாத்துத் தட்டு சரிந்து விழுந்தது. அவரும் அதன்மேல் இருந்துவிட்டார். பிள்ளை சிரித்த வாயோடு அப்படியே நின்றான். நான் குசினி வாசலில் நின்று கண்டேன்.

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் வந்த முதல் வருடங்களில் இந்த நாட்டில் பேஸ்போல் விளையாடியவர்கள் கொஞ்சப் பேர், அந்தத் தடியோடு திரிந்தவர்கள் வெளிநாட்டுக்காரரைத் தேடித் தேடி அடித்த வேறு ஆட்கள். தகப்பன் அகதி முகாமில் இருந்த காலத்தில், வேலை முடிந்து புகையிரத மேடையில் நின்றபோது, மொட்டையடித்த மூன்று பெடியன்கள் அந்தத் தடியால் அடித்துப்போட்டார்கள். தோளெலும்பு உடைந்து, கோணலாகப் பொருந்தியது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. மேல் தட்டில் இருக்கும் சாமான் எதையும் தங்கச்சிதான் எடுத்துக் கொடுப்பாள்.

பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வளர்த்தோம். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, இந்த நாட்டுக்குப் பயந்து வளரக் கூடாது என்று நினைத்தோம். அவன் என்ன செய்தான் என்றால், பனிக்காலம் வந்தால் தகப்பனுக்கு முன்னால் நடப்பான். சப்பாத்தால் நிலத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, "அப்பா, இதில கால் வையுங்கோ, இது வழுக்காது" என்பான். அதைக் கண்டும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குத் தகப்பன் எழும்பி நின்று கேட்டார். "ஆர் தந்தது உனக்கு இதை?"

"ட்ரெய்னர் அப்பா. பழகிப்போட்டுத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னவர்."

"மொட்டையோ?"

"என்னப்பா?"

"ஆளுக்குத் தலை மொட்டையோ எண்டு கேக்கிறன்!"

பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துவிட்டு, "ஓம்... கொஞ்சம் மொட்டைதான்" என்றான்.

அவ்வளவும் போதும். அன்று பின்னேரமே தமிழ்ப் பள்ளிக்கூடத்து அண்ணை ஒருவர் தொலைபேசி எடுத்தார். "உங்கட பெடியன் தடியோட ட்ராமில நிண்டவனாம். ஆரோடையும் சேர்ந்திட்டானோ? வளர்ற வயசு, கவனமாப் பாருங்கோ." தகப்பன் அந்த விளையாட்டுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளை வாதாடவில்லை. இரவுச் சாப்பாட்டில் ஒரு பருக்கையும் தொடவில்லை. அடுத்த நாள் நான் கையுறையோடு முற்றத்தில் போய் நின்றேன். அவன் வரவில்லை.

தடி வெங்காயச் சாக்குக்குப் பின்னால் பல்கனியில் கிடந்தது. அதற்காகவே தகப்பன் பல்கனிக்குச் சிகரெட் பற்றப் போவதை நிறுத்திவிட்டார். படிக்கட்டில் நின்று பற்றினார். இரவல் சாமான், திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும். தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"நான் பிள்ளையோட போய்க் குடுத்திட்டு வாறன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

ஆட்கள் காணக் கூடாது என்று என்னுடைய பழைய நூல்சேலை ஒன்றில் தடியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் இருந்தேன். முன்னால் இருந்த ஒரு கிழவி குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். வெட்கத்தில் நான் தட்டிக் கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினேன். பிள்ளை அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"பெரியம்மா, அப்பா ஏன் பயந்தவர்? என்னைக் கண்டோ?"

அந்தக் கேள்வியோடு அவனை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. தன்னைக் கண்டு தகப்பன் பயந்தார் என்று ஒரு பிள்ளை நினைக்கக் கூடாது. சொன்னேன். மெதுவாக, சேலைக்குள் இருந்த தடியைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன்.

அவன் முதலில் கேட்டது இதுதான்: "அப்ப பனி இல்லையா?"

"இல்லை மோனே."

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்த மரங்கள் போய்க்கொண்டிருந்தன. இறங்குகிற இடம் வந்தபோது, "நான் இனித் தொடமாட்டன். நீங்களே கொண்டு வாங்கோ" என்றான்.

மைதானம் பட்டணத்து ஆட்கள் மரக்கறி போடுகிற தோட்டத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. செம்மண், சுண்ணாம்புக் கோடு, காய்ந்த புல் மணம், தோல் கையுறைகளின் எண்ணெய் மணம். தொப்பி போட்ட பெரிய வயிற்றுக்காரர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். கிட்ட வந்ததும் எனக்குத் திகைப்பு. இந்த ஆளை நான் ஒவ்வொரு நாளும் காண்கிறேன். எங்கள் தெருத் தபால்காரர்! மஞ்சள் சைக்கிளில் வந்து, படியேற முடியாமல் மூச்சு வாங்கி, எங்கள் பெயரைக் கொலை செய்து, தானே சிரிப்பவர். தபால் தொப்பிக்குப் பதில் விளையாட்டுத் தொப்பி, அவ்வளவுதான். தபால் வருகிற நேரம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்பதால் அவனுக்கு ஆளைத் தெரியவில்லை.

சேலையை அவிழ்த்துத் தடியைக் கொடுத்தேன். பிள்ளை ஜேர்மனில் சொன்னான். எனக்கு அங்கொன்று இங்கொன்றாக விளங்கியது. அப்பா, புகையிரத மேடை, தோள். தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உண்மையாகவே மொட்டைதான். ஆனால் வயது விழுத்திய மொட்டை. வெயிலில் தோல் உரிந்திருந்தது. அவர் தடியைப் புல்லில் வைத்தார். பிறகு குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே ஏதோ சொன்னார்.

பிள்ளை என்னிடம் திரும்பினான். அவன் கண் பளபளத்தது.

"பெரியம்மா, எறியிறவனுக்குத் தடி தேவையில்லையாம். எனக்குப் பதிலா வேற பிள்ளையை அடிக்க விடுவினமாம். நான் எறிஞ்சா மட்டும் போதுமாம்."

அந்த மனுசனுடைய பேச்சால்தான் எல்லாம் நடந்தது. அவன் எறிகாரன் ஆனதும் அதால்தான், இன்றைக்கும் தடி பிடிக்கத் தெரியாமல் நிற்பதும் அதால்தான்.

ஆனால் தகப்பனிடம் யார் சொல்வது? தங்கச்சி, "என்னால ஏலாதக்கா, அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் எழும்பிப் போறார்" என்றாள். அடுத்த திங்கள் தகப்பன் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அந்த வேலையில் இருந்தால் எழும்பிப் போகமாட்டார். நான் பக்கத்தில் நின்று உள்ளி உரிக்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் இருந்த இத்தனை வருடத்தில் அவரோடு நான் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

"தம்பி, அந்த மொட்டை ஆரெண்டு தெரியுமோ? எங்கட தபால்காரன்."

கத்தி நின்றது. "அவருக்கு மொட்டையோ?"

"தொப்பி இல்லாமல் ஆர் கண்டது?"

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, வெங்காயக் கண்ணீரோடு கலந்துபோனது. நான் அந்தச் சந்தில் நுழைந்தேன். "பிள்ளை தடியைத் தொடமாட்டானாம். நீங்கள் சொல்லி இல்லை, தானாகச் சொல்லிப்போட்டான். எறியிறது மட்டும்தானாம்."

"சொல்லிப்போட்டியள் அவனுக்கு."

"ஓம்."

கோபிப்பார் என்று நினைத்தேன். வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நிமிராமலே கேட்டார். "அக்கா, எறியிறதெண்டா என்ன? தடி பிடிச்சு நிக்கிறவனுக்கு நேர முன்னால போய் நிக்கிறதுதானே?"

அது எனக்கு அதுவரை விளங்கவே இல்லை. பிள்ளையைத் தடியிலிருந்து விலக்கிவிட்டதாகச் சந்தோசப்பட்டேன். நாங்கள் விலக்கவில்லை, எதிரே நிறுத்தியிருக்கிறோம். முற்றத்தில் குந்தியிருந்த எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஓம் தம்பி. ஆனா நான் அவன்ர பந்துக்கு முன்னால இருந்தனான். பயப்பிடுறது மற்றவன்தான்."

அவர் மிச்ச வெங்காயத்தையும் அரிந்து முடித்தார். கடைசியில், "முற்றத்தில எறியட்டும். அங்க போகவேண்டாம்" என்றார். பாதி வாசல் திறந்தது.

பிறகு வந்த வாரங்களில் வெக்கை ஏறிக்கொண்டே போனது. நாங்கள் பின்னேரம் நிழல் விழும்வரை காத்திருந்து இறங்குவோம். தபால்காரர் வேலை முடிந்து போகிற வழியில் மஞ்சள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, காலை எப்படித் தூக்குவது, விரலைத் தையலில் எப்படி வைப்பது என்று காட்டுவார். ரெனிஸ் பந்து போய் உண்மையான பந்து வந்தது. வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், கல்லுக் கட்டி. முதல் நாளே என் கை வீங்கிவிட்டது. அடுத்த நாள் கையுறைக்குள் குளிக்கிற ஸ்பொஞ்சை வைத்துத் தைத்தேன். தபால்காரர் அதை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, கறி மணத்தை மோந்து, பசிக்கிறது என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். கீழ்வீட்டு மனுசி மதிய நித்திரையை விட்டுவிட்டு யன்னலில் தலகாணி போட்டு முழங்கை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினாள். நல்ல பந்துக்குக் கை தட்டுவாள். நான் பிடிக்காமல் விட்டால், "ஓ நைன்!" என்று தலையில் கை வைப்பாள். எனக்கு அவளைக் கண்டு வெட்கம் வரவில்லை. கையுறை போட்டிருக்கும்போது எனக்கு ஒருத்தரைக் கண்டும் வெட்கம் வந்ததில்லை.

தகப்பன் மட்டும் முற்றத்துக்கு இறங்கவில்லை.

ஊன்ட்றொப் என்கிற ஊரில் எங்கள் ஆட்கள் கட்டிய அம்மன் கோயில் தேருக்கு எல்லோரும் காரில் போனோம். நீங்களும் வந்திருப்பீர்கள். அந்த வெயிலில் தார் வீதி உருகி, காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேர் இழுத்தார்கள். தேருக்கு முன்னால் ஆம்பிளைகள் குவியலாகத் தேங்காய் அடிப்பார்கள் அல்லவா? பிள்ளை பிறந்ததிலிருந்து தங்கச்சி ஒவ்வொரு வருடமும் அவன் பெயரில் ஒரு தேங்காய் நேர்ந்திருந்தாள். அடிப்பது தகப்பன்தான். வலது கை எழும்பாது, இடது கையால் போடுவார். ஒரு மாதிரி இரண்டாகப் பிளக்கும். அந்த வருடம் தேங்காய் அடிக்கிற கல்லில் பட்டு, உடையாமல் உருண்டு ஓரத்துக்குப் போனது. இரண்டாம் தரம் போட்டார். மறுபடியும் உருண்டது.

பக்கத்தில் நின்ற ஒருவர் பகிடியாக, "அண்ணை, தேங்காய்க்கு நோகும் எண்டு பாக்கிறியளோ?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர்களுக்குத் தோள் விசயம் தெரியாது. தகப்பனுடைய முகம் செத்துப்போனது. உடையாத தேங்காயைக் கண்டு தங்கச்சி நெஞ்சில் கை வைத்தாள்.

பிள்ளை உருண்டு வந்த தேங்காயை எடுத்தான். "அப்பா, நான் அடிக்கட்டோ?"

தகப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். பக்கவாட்டில் திரும்பி நின்று, முற்றத்தில் செய்கிற மாதிரியே முழங்காலை நெஞ்சுவரை தூக்கினான். "உவன் என்ன, ஆடப் போறானோ?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கேட்டு முடிய முன்னம் தேங்காய் கல்லில் பட்டது. பிளக்கவில்லை, பொடியானது. தேங்காய்த் தண்ணீர் சிதறி, சிரித்த ஆட்களுடைய முகத்திலேயே பட்டது. பொறுக்க வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தேங்காய்த் துண்டும் கிடைக்கவில்லை. "அம்மாளாச்சி!" என்றார் பகிடி விட்டவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

தகப்பன் வந்து பிள்ளையின் வலது தோளைப் பிடித்தார். தட்டிக் கொடுக்கவில்லை. விரலால் எலும்பைத் தடவித் தடவிப் பார்த்தார், சந்தையில் பழம் பார்க்கிற மாதிரி.

"நோகேல்லையோ?"

"இல்லையப்பா."

"ஒரு இடத்திலையும்?"

"ஒரு இடத்திலையும் இல்லையப்பா."

திரும்பி வருகிறபோது, பெருந்தெருவில் பாதி தூரம் வந்த பிறகு, தகப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "சரி, அங்க போய்ப் பழகு. கடைசி ஆட்டத்துக்கு நான் ஒருக்கா வந்து பாக்கிறன். அதுக்குப் பிறகு விடுறதோ மறிக்கிறதோ எண்டு சொல்லுவன்" என்றார். பிள்ளை என் கையைப் பிடித்து நெரித்தான். வீங்கிய கை. நோவைக் காட்டாமல் இருந்தேன்.

கடைசி ஆட்டம், கோடை முடிந்து வீதி மரங்களிலிருந்து கஸ்தானியாக் காய் விழத் தொடங்கிய நாளில் வந்தது. தெற்கே பேஸ்போல் பழக்குகிற ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கிருந்தும் ஒரு ஆள் பார்க்க வந்திருந்தார். தகப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கம்பிவேலி முடிகிற இடத்தில், வெளியே போகிற வாசலை ஒட்டி நின்றார். நானும் தங்கச்சியும் பக்கத்தில். தடியில் பந்து பட்டு டக் என்று கேட்கும்போதெல்லாம் அவருடைய தோள் துள்ளியது. தங்கச்சி, "இஞ்சருங்கோ, போவமோ?" என்று கேட்டாள். "நில்" என்றார்.

எங்கள் பிள்ளை மேட்டில் ஏறினான். அவ்வளவு தனியாக ஒரு பிள்ளை நிற்பதை நான் கண்டதில்லை. எதிரே உயரமான, முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு பெடியன் தடியை ஓங்கிக்கொண்டு வந்து நின்றான். தகப்பன் வேலிக் கம்பியைப் பிடித்தார். முதல் பந்து. தடி காற்றை வெட்டியது. இரண்டாவது பந்து. காற்று. மூன்றாவது பந்துக்கு அந்தப் பெடியன் ஓங்கியபடியே நின்றுவிட்டான். பந்து எப்போதோ போய்ப் பிடிக்கிறவனுடைய கைக்குள் இருந்தது. பொத் என்கிற அந்தச் சத்தத்துக்கு என் உள்ளங்கை தானாக மூடியது.

புள்ளி முகத்துப் பெடியன் கோபத்தில் தடியை வீசி எறிந்தான். அது புல்லில் உருண்டு உருண்டு வந்து, வாசலால் வெளியேறி, தகப்பனுடைய காலடியில் நின்றது.

 மேட்டில் நின்ற பிள்ளை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தபால்காரரும் பார்த்தார். அந்தப் பெடியன் தடியை எடுக்க ஓடி வந்தான். கிட்ட வந்தபோதுதான் கண்டோம், அழுகிறான். மூக்கெல்லாம் ஓட, கண் சிவந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

தகப்பன் குனிந்தார். வலது கையால், அந்த எழும்பாத கையால், தடியை எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார், மற்றப் பக்கம் பார்த்தார். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"பாரமே இல்லை, அக்கா" என்றார் என்னிடம். "நான் இவ்வளவு காலமும் பெரிய பாரம் எண்டெல்லோ நினைச்சன்."

பிறகு, குசினியில் ஒருவருக்குக் கத்தி கொடுக்கிற மாதிரி, பிடியை அந்தப் பிள்ளையின் பக்கம் திருப்பிக் கொடுத்தார். பெடியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னான். "அடுத்த முறை படும்" என்று தகப்பன் ஜேர்மனில் சொன்னார். தன் பிள்ளைக்கு எதிராகச் சொல்கிறோம் என்பதுகூட அவருக்கு அப்போது நினைவில்லை.

ஆட்டம் முடியத் தபால்காரர் விடுதிப் பள்ளிக்கூடத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கனக்கச் சொன்னார். பிள்ளை மண் பட்ட முகத்தோடு தகப்பனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். தகப்பன் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அங்க பிள்ளையளுக்குச் சோறு குடுப்பினமோ?"

அந்த ஆளுக்கு விளங்கவில்லை. தபால்காரருக்கும் விளங்கவில்லை. பிள்ளைக்கு விளங்கியது. தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தங்கச்சி அழுதாள். நான் திரும்பிக் கஸ்தானியாக் காய் பொறுக்குகிற மாதிரி நின்றேன்.

அவன் தெற்கே போனான், பிறகு கடல் கடந்து போனான். மற்றதெல்லாம் பேப்பரில் இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கு முதல்நாள் வந்து நின்றான். தலையில் முன்பக்கம் மயிர் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. "அப்பா, நானும் மொட்டை" என்று தகப்பனுக்குக் காட்டினான். தபால்காரர் இப்போது நடமாட முடியாமல் இருக்கிறாராம். அவரிடம் பழகிய பிள்ளைகளை இனித் தானே பழக்கப் போகிறானாம், அதே செம்மண் மைதானத்தில். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"பெரியம்மா, அந்தக் கையுறை இருக்கோ?"

"என்னால இப்ப குந்த ஏலாது, மோனே."

"கதிரையில இருங்கோ. நீங்கள் கையை அசைக்காமல் வைச்சிருங்கோ."

சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். தகப்பன் பல்கனியிலிருந்து சிகரெட்டோடு, "மெல்ல எறியடா, பெரியம்மாவின்ர கை!" என்று கத்தினார். மெல்ல எறிந்தால் கோணலாகப் போகும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பிள்ளை முழங்காலைத் தூக்கினான். நான் கண்ணை மூடவில்லை.

அந்தச் சிவப்புத்தான் நீங்கள் புதன்கிழமை கண்டது.